ஞாயிற்றுக்கிழமை உறைகள்

ஈரத் தலையைத் துண்டால் தேய்க்கக் கூடாது, மேடம். பழைய பருத்தி பனியன் ஒன்றை எடுத்து, முடியை அதில் பொத்திப் பொத்தித் தண்ணீரை வாங்க வேண்டும். இன்று காலை நீங்கள் அவசரமாகக் குளித்திருக்கிறீர்கள். தேய்த்துத் துவட்டி, ஈரத்தோடேயே இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் தொப்பி வைத்திருக்கிறீர்கள். நெற்றியின் இரண்டு ஓரமும் முடி பின்னுக்குப் போயிருக்கிறது. அது வயதால் வந்ததில்லை. உங்களுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. கொண்டையைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டாலே போதும். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்று மாதம் என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். என்னிடம் வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நேத்துத்தான் ஷாம்பு மாத்தினனுங்க, இன்னைக்குக் கொட்டுது, அதனாலதானுங்களா?" இல்லை. இன்று சீப்பில் வருகிற முடி, மூன்று மாதத்துக்கு முன்பே வேரை விட்டுவிட்ட முடி. காய்ச்சலோ, பிரசவமோ, துக்கமோ, ஒரு மருந்தோ, எது வந்தாலும் தலை உடனே காட்டாது. மூன்று மாதம் மனசுக்குள் வைத்திருந்துதான் காட்டும். நல்லது நடந்தாலும் அப்படித்தான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது.

என் பெயர் அன்புக்கரசி. வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். சரவணம்பட்டியில், ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறையில் பதினோரு வருடமாக முடி பார்க்கிறேன். பியூட்டி பார்லர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் புருவம் எடுப்பதில்லை, முகத்துக்கு எதையும் பூசுவதில்லை. கெட்டுப்போன முடியை மீட்டுக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. அயர்ன் வைத்துத் தீய்ந்த முடி, சாயம் போட்டு நாராகிப்போன முடி, நேராக்குகிறேன் என்று மருந்து தடவிப் பாதியில் முறிந்த முடி. கடவுள் கொடுத்த சுருட்டையை அடித்து நிமிர்த்தப் பார்த்துவிட்டு, பிறகு என் முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். நான் திட்டியதே இல்லை. சூடாக ஒரு சுக்குக் காப்பி கொடுப்பேன். பிறகு சீப்பை எடுப்பேன்.

நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் பிடித்து வரவில்லை. இந்தத் துணிப்பையையும் நானே கொண்டுவந்தேன். நாளை குருத்தோலை ஞாயிறு. ஒரு பெண்மேல் அபாண்டம் சுமத்துவதைக் கேட்டும் கேளாததுபோல இருந்துவிட்டு, கையில் ஓலை பிடித்துக்கொண்டு நடக்க என்னால் முடியாது.

அந்தப் பெண் செவ்வந்தி. அவள் இறந்து இன்றோடு மூன்று வாரம். வலிப்பு மாத்திரையை அவளே நிறுத்திவிட்டாள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. செவ்வந்தி கீழ்ப்படிகிற பெண்.

போன வருடம் ஜூன் மாதம் அவளுடைய அம்மா கருப்பாத்தாள் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு உரிக்கிற வேலை பார்ப்பவர். விரல் நுனிகள் எல்லாம் கறுத்திருக்கும். செவ்வந்திக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் மாடி அறை காலியாக இருந்தது. அறை கேட்க வந்தவர், என் முன்னறையில் இருந்த கண்ணாடியையும் சீப்புகளையும் பார்த்ததும் அறையை மறந்துவிட்டார்.

"அக்கா, எம்புள்ள தலையக் கொஞ்சம் பாருங்க. இடுப்பு வரைக்கும் சுருட்டையாக் கெடந்த முடிங்க. இப்பப் பாருங்க, தேங்காத் தும்பாட்ட ஆயிப்போச்சு."

செவ்வந்தி துப்பட்டாவை எடுத்தாள். இன்டர்வியூவுக்காக முடியை நேராக்கியிருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை. காதுக்குக் கீழே எல்லாம் முறிந்திருந்தது. அது வெளிக்காயம், அதை ஆற்ற எனக்குத் தெரியும். ஆனால் உச்சியில் தோல் தெரிந்தது. அது உள்ளேயிருந்து வருவது. கேட்டேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கருப்பாத்தாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். அதிலிருந்து காலையும் ராத்திரியும் மாத்திரை. மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது. என் பாடம் எவ்வளவு சரியாக இருக்கிறது, பாருங்கள்.

"நானிருக்கிறேன்" என்று சொன்னேன். அன்றைக்கே மாடிக்கு வந்துவிட்டாள்.

நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையணைக்கு வழவழப்பான உறை தைத்துக் கொடுத்தேன். கம்பெனியில் ஏ.சி. காற்று முடியை உலர்த்தும் என்று பருத்தித் துணியில் ஒரு தலைக்கட்டு. செம்பருத்தி இலை அரைத்து, ஆளிவிதையைக் கொதிக்க வைத்து வடித்து, மாதம் அரை அங்குலம் செத்த முனையை வெட்டிவிட்டேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு வெந்நீர் தயாராக இருக்கும். பெரிய தருமங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, மேடம். மேடை போட்டுச் செய்கிறவர்கள் செய்யட்டும். யாரும் பார்க்காமல் ஒருத்தி குளிக்கிற தண்ணீரைச் சுட வைத்துக் கொடுப்பதில்தான் ஆண்டவர் இருக்கிறார்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை தலை அலசும் நாள். அன்று சீப்பிலும் தரையிலும் வடிகட்டியிலும் சேர்கிற முடியை ஒன்று விடாமல் எடுத்துக் காய வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வந்ததும் வெள்ளைத் துணி விரித்து எண்ணுவேன். எண்ணிப் பழுப்பு உறையில் போட்டு, மேலே தேதியும் எண்ணிக்கையும் எழுதுவேன். எண்ணுவதும் எனக்கு ஜெபம்தான். செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

"பெரிம்மா, எல்லாத்துக்கும் பேரும் வெச்சுப்போட்டீங்களா?"

"மாடிப்படியில விழுந்ததுக்குப் பேரு செவ்வந்தின்னு வெச்சிருக்கேன் கண்ணு."

"அப்ப நான் போனாலும் அது இருக்கும்."

என் வீட்டுக்காரர் ஜெரோம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருப்பார். அந்த ஒரு நாளும் என்னைக் கேலி செய்யாமல் போக மாட்டார். "அம்மணிக்கு ஆளே கண்ணுல படாது சாமி, மண்டை மட்டுந்தான் படும். நான் செத்தாக்கூட தலையச் சீவி உட்டுட்டுத்தான் அழுவா" என்பார். நானும் சிரிப்பேன்.

ஜூனில் முதல் உறை முந்நூற்றுப் பன்னிரண்டு. அக்டோபரில் நூற்றுத் தொண்ணூறு. வெளிக்காயம் ஆறிவிட்டது. புதுச் சுருள் கழுத்தில் மோதிரம் மோதிரமாக இறங்கியது. ஆனால் அந்த நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மாத்திரை டப்பா அப்போதே என் கைக்கு வந்துவிட்டது. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மொத்தம் பதினான்கு அறை. ஷிஃப்ட் குழப்பத்தில் செவ்வந்தி ஒருமுறை மறந்துவிட்டாள். கருப்பாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களே எடுத்து வெச்சுப்போடுங்க, உங்க கையி தப்பாது" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முடியை எண்ணி முடித்ததும் அதே மேசையில் டப்பாவை நிரப்புவேன். டப்பாவின் மூடியில் செவ்வந்தி ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். டாக்டர் சொன்னதாம். "ஒரு நாள்கூட விடக் கூடாது." அழகான கையெழுத்து.

நவம்பர் ஐந்தாம் தேதி நரம்பு டாக்டரிடம் போய்விட்டு ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள். முடி கொட்டுவதைச் சொல்லியிருக்கிறாள். அவர் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "இது முடிய ஒண்ணும் பண்ணாதாம் பெரிம்மா. பொறுமையா இருக்கச் சொன்னாரு." சின்ன வெள்ளை மாத்திரை. வாங்கி டப்பாவில் நிரப்பினேன். மாத்திரை மாத்திரைதான். டிசம்பர் பார்த்தேன். ஜனவரி பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றெண்பத்தெட்டு, நூற்றுத் தொண்ணூறு. எண்கள் நகரவில்லை. பொறுமையைப் பற்றி அந்த டாக்டர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடையில் கல்யாணம் நிச்சயமானது. பையன் கதிர், கணபதியில் பம்ப் செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறான். வலிப்பு விஷயத்தைச் செவ்வந்தியே முதல் நாளே சொல்லிவிட்டாள். அவன் எழுந்து போகவில்லை. அதற்குப் பதிலாக, தினம் இரவு எட்டரை மணிக்கு வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தான். "மாத்தர போட்டாச்சா? எங்க, நாக்கக் காட்டு." அவள் நாக்கை நீட்டிக் காட்டுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. வைகாசியில் முகூர்த்தம்.

ஜனவரி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. கதிர் வீட்டுக்கு வந்திருந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றெண்பத்து நான்கு. கல்யாணத்துக்குள் உச்சியை மூடிவிட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அவன் தன் நெற்றியைத் தடவிக் காட்டினான். அவனுக்கு இப்போதே ஏறத் தொடங்கியிருந்தது.

"எதுக்குங்க பெரிம்மா மெனக்கெடறீங்க? அவளுக்கும் மண்டை, எனக்கும் மண்டை. போட்டோவுக்கு லைட்டு மிச்சமுங்க."

செவ்வந்தி அவன் முதுகில் அடித்தாள். பிறகு அவள் தேநீர் எடுக்க உள்ளே போனபோது அவன் குரலை மாற்றிச் சொன்னான். "முடி போனாப் போகட்டுமுங்க. மாத்திரைய மட்டும் உட்டுப்போடாமப் பாத்துக்குங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

நல்ல பையன். நான் மறுக்கவில்லை. ஆனால் "முடி போனாப் போகட்டும்" என்ற சொல்லை எனக்குத் தெரியும், மேடம். ஒன்பது வயதில் விடுதியில் இருந்தேன். பேன் வந்துவிட்டது என்று வார்டன் அம்மா என்னை முற்றத்தில் உட்கார வைத்து ஒட்ட வெட்டிவிட்டார். நல்லவர்தான். நன்மைக்குத்தான் செய்தார். என்னைக் கேட்காமல் செய்தார். "முடிதானே, போனாப் போகுது" என்றார். அதன் பிறகு ஒரு வருடம் நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தியைக் கேட்காமல் அவள் உடம்பில் ஒன்றைச் செய்துவிட்டு, அதற்கு நன்மை என்று பெயர் வைப்பவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஆரம்பித்தேன்.

ஒரேயடியாகச் செய்யவில்லை. நான் மனசாட்சி உள்ளவள். முதல் இரண்டு வாரம் இரவு மாத்திரை மட்டும். அதை எடுத்துவிட்டு, அந்த அறையில் முடிக்கான வைட்டமின் மாத்திரை வைத்தேன். அதுவும் வெள்ளை, அதுவும் சின்னது. நல்ல கடையில் வாங்கியது. இரண்டு வாரத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினாறாம் தேதியிலிருந்து காலை மாத்திரையையும் மாற்றினேன். எடுத்ததை எறியவில்லை. அவற்றையும் உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். அதோ, அந்த உறைக் கட்டுக்குள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஏழு ஏழு, ஐந்து வாரத்துக்குப் பதினான்கு பதினான்கு, மொத்தம் எண்பத்து நான்கு. எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்திருப்பாள்.

பலனைப் பாருங்கள். பிப்ரவரி ஒன்பது, நூற்று முப்பத்தொன்பது. பதினாறு, தொண்ணூற்றாறு. மார்ச் இரண்டு, அறுபது. மார்ச் பதினாறு, நாற்பத்தொன்று. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தலை என் கையில் திரும்பி வந்ததில்லை. உச்சியில் பிஞ்சு முடி கம்பளிபோல எழும்பியது. செவ்வந்தி கண்ணாடி முன்னால் நின்று, போனில் உச்சியைப் படம் எடுத்துக் கதிருக்கு அனுப்பினாள். அவன் பதிலுக்குத் தன் வழுக்கையைப் படம் எடுத்து அனுப்பினான். அன்று அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருந்தால் இந்தக் கேள்விகளில் பாதியைக் கேட்க மாட்டீர்கள்.

மார்ச் எட்டாம் தேதி காலையில் சாப்பிட உட்கார்ந்தவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. விரல்கள் சட்டைப் பித்தானைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. அரை நிமிடம்தான். பிறகு திரும்பி வந்தாள்.

"பெரிம்மா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தூக்கக் கலக்கம்."

"மாத்தர சரியாத்தானே போடறேன்?"

"நாந்தானே எடுத்து வெக்கறேன்."

முதலில் சொன்னது பொய். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அன்றைக்கு ஒரு வேளை உபவாசம் இருந்தேன். இரண்டாவது சொன்னது பொய் இல்லை.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். அடுத்த மாதம் போகத்தானே போகிறோம், இப்போது போனால் மாத்திரையைக் கூட்டிவிடுவார், கல்யாணத்துக்கு முன்னால் முடி மறுபடியும் போய்விடும் என்றேன். யோசித்தாள். தலையை ஆட்டினாள். அவள் கீழ்ப்படிகிற பெண் என்று முன்பே சொன்னேன்.

மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை, தலை அலசும் நாள். முந்தின வாரம் கருப்பாத்தாள் மலைக் காய்களோடு ஒரு பை வெண்ணெய்ப் பழம், அதுதான் பட்டர் ஃப்ரூட், அனுப்பியிருந்தார். மகள் தலைக்கு நல்லது என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். அதை மசித்துத் தயிர் கலந்து, வேரிலிருந்து நுனிவரை பூசிவிட்டேன். இருபது நிமிடம் ஊற வேண்டும். செவ்வந்தி குளியலறைக்குப் போய்த் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தாள். கதவைத் தாழ் போட மாட்டாள், டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பிறகு குவளை விழுகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றது.

போய்ப் பார்த்தேன். சுவரோரம் விழுந்து கிடந்தாள். வலிப்பு அடங்குகிற நேரம். நெற்றியில் சின்னக் காயம். மூச்சு இருந்தது. சத்தமாக, குறட்டைபோல இருந்தது.

ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்த நேரம் உங்களிடம் இருக்கிறது. குவளை விழுந்த சத்தம் பக்கத்து வீட்டு ராமாமணி அம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. அவர் அப்போது கடிகாரத்தைப் பார்த்தாராம். இரண்டுக்கும் நடுவில் ஆறு நிமிடம் என்று சொல்கிறீர்கள். அந்த ஆறு நிமிடம் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள்.

முடியை அலசினேன்.

வெண்ணெய்ப் பழமும் தயிரும் காய்ந்தால் பிசின்போல இறுகிவிடும், மேடம். ஆஸ்பத்திரியில் யார் அலசப் போகிறார்கள்? அவசரத்தில் கத்தரிக்கோலை எடுப்பார்கள். ஒன்பது மாத உழைப்பு. அவளை மல்லாத்தி, தலையை என் மடியில் வைத்து, குவளை குவளையாக ஊற்றினேன். வெதுவெதுப்பான தண்ணீர்தான். அவளுக்குப் பிடித்த சூடு. விரலால் கோதி, சிக்கு விழாமல், நுனிவரை சுத்தமாக எடுத்தேன். நடுவில் அந்தக் குறட்டைச் சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். பழைய பனியனில் முடியைப் பொத்திக் கட்டினேன். பிறகு போன் செய்தேன்.

நுரையீரலில் தண்ணீர் இருந்ததாக அறிக்கை சொல்கிறது என்றீர்கள். குளியலறையில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

அடுத்த நாள் மேட்டுப்பாளையத்தில் கருப்பாத்தாள் என்னைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. "அக்கா, நீங்களே பின்னி உடுங்க. வேற ஆரும் தொட வேண்டாம். அவளுக்கு உங்க கையின்னாத்தான் புடிக்கும்" என்றார். பின்னினேன். பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து மேலாக, வழக்கம்போல. ஒரு முடிகூட உதிரவில்லை. பின்னி முடித்ததும் கருப்பாத்தாள் அந்தக் கறுத்த விரல்களால் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதிர் கதவருகே நின்றிருந்தான். மாத்திரை கேட்க எட்டரை மணிக்கு வைத்த அலாரம் அவன் போனில் முந்தின இரவும் அடித்ததாம், அதை நிறுத்தத் தெரியவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு அறிக்கை வந்தது. ரத்தத்தில் மருந்தே இல்லையாம். உடனே பேச்சு ஆரம்பித்துவிட்டது. முடிக்காக அந்தப் பெண் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டாள், அழகு பார்த்து உயிரை விட்டாள் என்று. கருப்பாத்தாளே நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நாந்தான் முடி முடின்னு அவ மனசக் கெடுத்துப்போட்டேன்" என்று அழுவதாக ஜெரோம் வந்து சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செய்யாத குற்றத்தை ஒரு தாய் சுமக்கக் கூடாது. செய்யாத காரியத்தின் பெயர் ஒரு பெண்ணுக்குப் போகவும் கூடாது. அதனால்தான் வந்தேன். செவ்வந்தி நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன். அந்த முடியைத் திரும்பக் கொண்டுவந்ததும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தம் உண்டா என்று சற்றுமுன் ஏட்டம்மா கேட்டார். செவ்வந்தி போனதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இருக்குமா? ஆனால் செய்ததில் இல்லை. டாக்டருக்கு அவள் ஒரு சீட்டு. கம்பெனிக்கு ஓர் அடையாள அட்டை. அவளை ஒவ்வொரு இழையாக எண்ணியது நான் ஒருத்திதான். இன்னொரு தடவை அதே ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அதே மேசையில் உட்கார்ந்து அதையேதான் செய்வேன்.

தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. ஆறிவிட்டது, பரவாயில்லை. நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பேசப் பேச உறைகளைத் தேதி வரிசையில் அடுக்கினீர்கள். பிறகு பிப்ரவரி இரண்டாம் தேதி உறையை மட்டும் தனியாக எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நூற்று எழுபத்தொன்று. ஆமாம், என் எழுத்துதான். அதை எண்ணி முடித்த பிறகுதான் அன்றைக்கு முதல் மாத்திரையை மாற்றினேன்.

"அப்பவே கொறைய ஆரம்பிச்சிருச்சுங்களே, அக்கா" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. அதற்காகவும் நன்றி. "மூணு மாசம்னு நீங்கதானே சொன்னீங்க. பிப்ரவரில கொட்டறது நிக்குதுன்னா அதுக்குக் காரணம் நவம்பர்ல இருக்கோணும். நவம்பர்ல டாக்டர் மாத்திரைய மாத்தியிருக்காரு. நீங்க கையே வெக்காம இருந்திருந்தாலும் இந்த முடி வந்திருக்கும். அந்தப் புள்ளையும் இருந்திருக்கும். நீங்க செஞ்சது மே மாசத்துலதானுங்க தெரிஞ்சிருக்கோணும்."

நீங்கள் படித்தவர். ஆனால் முடி பார்ப்பவர் இல்லை. மூன்று மாதக் கணக்கு மற்றத் தலைகளுக்கு. ஊரில் இருக்கிற அத்தனை தலைகளுக்கும் அது பொருந்தும், உங்கள் தலைக்கும் பொருந்தும். செவ்வந்தியின் தலைக்காக நான் முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன். அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

பையின் அடியில் இன்னொரு கட்டு இருக்கிறது, பாருங்கள். மே மாதத்து உறைகள். நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, எல்லாவற்றிலும் அவள் பெயரும் தேதியும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். என் பக்கத்து வேலையில் ஒரு குறையும் இல்லை. அவை காலியாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.